உபயம்: மு. ஆவுடையப்பன்

எழுபத்திரண்டு மணி நேரம். புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கணினி அறைக் கதவில் அந்த நோட்டீஸ் ஒட்டப்பட்டதிலிருந்து கணக்கு. உரிமம் இல்லாத பிரதியைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றியவர் சனிக்கிழமை பதினொரு மணிக்குள் நேரில் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும். வராவிட்டால் அந்த நிமிடமே எல்லாப் பிள்ளைகளின் காதிலும் அது நின்றுவிடும்.

கோமதி இரண்டு முறை படித்தாள். அந்த அறையின் ஆசிரியை அவள்தான். நோட்டீஸை ஒட்டிய ரங்கநாயகி, விரலில் ஒட்டிய பசையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். கல்வி மென்பொருள் ஆணையத்தின் விசாரணை அதிகாரி. அவருக்குப் பக்கத்தில், மென்பொருளைச் செய்த நிறுவனத்தின் வழக்கறிஞர் அஸ்வத். முப்பது வயது இருக்கும். வெயிலில் நடந்து வந்தும் சட்டை கசங்காமல் இருந்தது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கோமதியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள்.

"ஏற்றியவர்னா யாரு டீச்சர்?"

"வகுப்புக்குப் போ."

"நம்ம ஆவுடையப்பன் தாத்தாதான? ஸ்கிரீன்லயே போட்டிருக்கே."

"போன்னு சொன்னேன்லா."

போனார்கள். ஆனால் ஒவ்வொருத்தரும் போகும்போது ஒரு கையால் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனதைக் கோமதி கவனித்தாள்.

அணுக்கன் என்று அதற்குப் பெயர். சுண்டைக்காய் அளவுக் கருவி, காதுக்குள் இருக்கும். பதிலைச் சொல்லித் தராது. பிள்ளை தானே பதிலுக்குப் போய்ச் சேர்கிற மாதிரி அடுத்த கேள்வியைக் கேட்கும். தன் பிள்ளை எந்தக் கணக்கைப் பார்த்ததும் பென்சிலைக் கீழே வைக்கும், எந்தச் சொல்லில் தடுக்கி நிற்கும், என்ன சொன்னால் சிரிக்கும் என்று அதற்குத் தெரியும். மூன்று வருடம் கூடவே இருந்ததில், எந்த யோசனை தன்னுடையது, எது காதிலிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்கே பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விட்டது. அரசாங்கத் திட்டத்தில் வந்தது. திட்டம் மே மாதத்தோடு முடிந்தது, உரிமமும் முடிந்தது. ஜூன் முதல் தேதி, ஓடாது என்று நினைத்துக்கொண்டுதான் கோமதி அணுக்கனை ஓட்டும் பெரிய கணினியைப் போட்டாள். ஓடியது. திரையில் ஒரு வரி புதிதாக வந்தது.

உபயம்: மு. ஆவுடையப்பன், பாத்திரக்கடை.

அந்த வரியைப் பார்த்ததும் அவளுக்கு மனசு சமாதானமாகிவிட்டது. அங்கேதான் தப்பு நடந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் உபயம் எழுதாத பொருள் கிடையாது. தண்ணீர்த் தொட்டி உபயம், கொடிக்கம்பம் உபயம், சத்துணவு அண்டா உபயம், கழிப்பறைக் கதவுகூட உபயம். ஆறாம் வகுப்பில் ஒரு டியூப்லைட்டில் கொடுத்தவர், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள் பெயரையும் எழுதியதில் வெளிச்சம் வர இடமில்லாமல் போயிற்று. உபயம் என்று எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டால் கொடுத்தவருக்கு மரியாதைக் குறைவு. எட்டு மாதம் யாரும் கேட்கவில்லை.

தலைமையாசிரியை ஜெபக்கனி எல்லோருக்கும் காபி வரவழைத்தார். யாரும் குடிக்கவில்லை.

"நான் யாரையும் பிடிச்சுட்டுப் போக வரலை டீச்சர்," என்றார் ரங்கநாயகி. "எனக்கு ஒரு பேரு வேணும். ஏத்தினது யாருன்னு தெரிஞ்சா குற்றம் அந்த ஒரு ஆளோட நிக்கும். பிள்ளைங்க அறியாம உபயோகிச்சதா ஆகும். அப்ப சட்டமே ஆறு மாசம் தருது. தினமும் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, நோகாம நிறுத்திடலாம்."

"ஆள் தெரியலைன்னா?" என்று ஜெபக்கனி கேட்டார்.

"தெரியலைன்னா அது திருட்டுச் சொத்து. அப்படியே முடக்கணும்."

"முடக்கினா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?"

ரங்கநாயகி காபி டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "தெரியும். போன வருஷம் ஒரு ஊர்ல ஹெச்.எம். ஒப்புக்கிட்டு வர மூணு மணி நேரம் பிந்திடுச்சு. நான்தான் முடக்கினேன். ஏழாங்கிளாஸ் பையன் ஒருத்தன் பேனாவைத் திறந்து வெச்சுக்கிட்டு சாயந்திரம் வரைக்கும் உக்காந்திருந்தான். எழுதத் தெரியாம இல்ல. எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. அவங்கம்மா வந்து கையைப் பிடிச்சு எழுப்புற வரைக்கும் அப்படியே இருந்தான். சில பிள்ளைங்க சாப்பிடவே இல்ல. நான் அதை மறுபடியும் பாக்க விரும்பலை."

"ஏத்தினவருக்கு என்ன தண்டனை?" கோமதியின் குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

"மூணு வருஷம். அதுக்கப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் வேலை பார்க்க முடியாது."

"எங்க நிறுவனம் பேசி ஒரு வருஷமா குறைக்க வைக்கும் மேடம்," என்றான் அஸ்வத். "எங்களுக்கும் பிள்ளைங்க முக்கியம். ஒப்புக்கிட்டா மட்டும் போதும். படிவமே நாங்க தயார் பண்ணிக் கொண்டு வந்திருக்கோம்."

கோமதி பெரிய டீச்சர் ஜெபக்கனியைப் பார்த்தாள். அதே சமயம் பெரிய டீச்சரும் அவளைப் பார்த்தார். இருவரும் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஏப்ரல் மாதம் ஆண்டு விழாவில், பெற்றோர் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "உங்க பிள்ளைகளைக் கைவிட மாட்டோம்" என்று ஜெபக்கனி சொன்னது கோமதிக்கு நினைவிருந்தது. மறுவாரம் அவர் மதுரைக்குப் போனார். அங்கே அவருடைய தங்கை மகன் கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஜூனில், அணுக்கன் ஓடுகிறது என்று கோமதி போய்ச் சொன்னபோது பெரிய டீச்சர் ஆச்சரியப்படவில்லை. "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கே கோமதிக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ரங்கநாயகிக்கு வழி காட்ட அவள்தான் பஜாருக்குக் கூடப் போனாள். பாத்திரக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் ஆவுடையப்பனின் மகன், சண்முகவேல். விஷயத்தைக் கேட்டதும் முதலில் விழித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"எங்கப்பாவா? கம்ப்யூட்டர்ல திருட்டு வேலையா? மேடம், எங்கப்பா கால்குலேட்டரையே நம்ப மாட்டார். மிஷின் போட்ட கணக்கை விரல்விட்டு எண்ணிச் சரிபார்ப்பார்."

"அவரை நான் பாக்கணும்."

"பாக்கலாமே. சம்மனை எங்க கொண்டு கொடுப்பீங்க, சிந்துபூந்துறைச் சுடுகாட்டுலயா? அங்கதான் எரிச்சோம். பதினெட்டு வருஷமாச்சு."

ரங்கநாயகி கையிலிருந்த பேனாவை மூடினார்.

"பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஃபேன் வாங்கிக் கொடுத்தார்," என்று சண்முகவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அதுக்கே எங்கம்மாட்ட ஒரு மாசம் பேச்சு வாங்கினார். நல்ல மனுஷன். ஜெயிலுக்குப் போகணும்னா எதுக்கும் தேடிப் பாருங்க."

ரங்கநாயகி அவளோடு ஆட்டோவில் திரும்பினார். பள்ளிக்கூட வாசலில் ஆட்டோ நின்றதும், "செத்தவர் பேர்ல ஒளிஞ்சிருக்காங்க," என்றார். "கெட்டிக்காரத்தனம். ஆனா உள்ள இருக்கற ஆள்தான் செஞ்சிருக்கணும். உங்களையும் ஹெச்.எம்.மையும் தவிர அந்த அறைச் சாவி யார்கிட்டயும் இல்ல."

வாசலில் நஸ்ரின் நின்றுகொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பில் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த வருடம், ஒன்றுக்குப் போக விரலைக் காட்டுவதைத் தவிர வகுப்பில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் முதல் எழுத்திலேயே நின்றுவிடும். மற்ற பிள்ளைகள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டும். அணுக்கன் வந்த பிறகு, ஒரு சொல் அடைத்துக்கொண்டால் அது காதுக்குள் வேறு சொல்லை எடுத்துக் கொடுக்கும். அவள் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடுவாள். அதற்கு மைனா என்று பெயர் வைத்திருந்தாள்.

"டீச்சர், சனிக்கிழமை கழிச்சு மைனா இருக்காதா?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்லுதாங்க. எனக்கு மூணாவது பாடம் இன்னும் முடியலை டீச்சர். பாதியில விட்டுட்டுப் போகாதுன்னு மைனா சொல்லிச்சு." காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அது பொய் சொல்லாதுலா?" என்றாள்.

"சொல்லாது," என்றாள் கோமதி. அது உண்மை. பிள்ளையிடம் பதில் சொல்லாமல் இருக்க அணுக்கனால் முடியும். பொய் சொல்ல முடியாது. அப்படித்தான் அதைச் செய்திருந்தார்கள். விளம்பரத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

அன்று மத்தியானம் அஸ்வத் அவளை சைக்கிள் நிறுத்துமிடத்தில் பிடித்தான். தகரக் கூரைக்குக் கீழே அனல் அடித்தது. அவன் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை எடுத்தான்.

"உங்க பெரிய டீச்சர் ரிட்டயராக இன்னும் ஒரு வருஷம்தான் இருக்குன்னு கேள்விப்பட்டேன். இப்ப மாட்டினா பென்ஷன் போச்சு. பி.பி. வேற இருக்குபோல."

கோமதி சைக்கிள் பூட்டைத் திறந்தாள்.

"நான் யாரையும் சொல்லலை மேடம். சும்மா சொல்றேன். உங்களுக்கு வயசு இருக்கு. ஒரு வருஷம். நன்னடத்தையில இன்னும் குறையும். வெளிய வந்தா எங்க நிறுவனத்துலயே வேற வேலை இருக்கு. பள்ளிக்கூடம்தான் கூடாது, ஆபீஸ் கூடாதுன்னு சட்டம் சொல்லலையே."

"திருடினவளுக்கு நீங்களே வேலை கொடுப்பீங்களா?"

"மனுஷங்க சூழ்நிலையில தப்பு பண்றாங்க. நாங்க புரிஞ்சுக்கறோம்."

"எல்லாரும் இப்படித்தான் ஒப்புக்கறாங்களா?"

"பதினாலு பள்ளிக்கூடம் பார்த்துட்டேன். எல்லாத்துலயும் யாராவது ஒருத்தர் வந்துடுவாங்க. அழுவாங்க, கையெழுத்துப் போடுவாங்க. ஆசிரியர்கள்லாம் அடிப்படையில நல்லவங்க மேடம்."

தாளை அவள் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், ஒரு பயிற்சிக்காகக் கொஞ்ச நாள் வெளியூர் போக வேண்டியிருக்கும் என்றாள். அம்மா, போர்வை எடுத்துக்கொள், வடக்கே குளிரும் என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பள்ளி விட்டதும் பெரிய டீச்சர் வீட்டுக்குப் போனாள். அவரைக் கேட்டு முடிவெடுப்பது அவள் நோக்கமில்லை. கையெழுத்துப் போட்டாச்சு என்று சொல்லிவிட்டு, இனி நிம்மதியாக இருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

ஜெபக்கனி வாசலில் நின்றபடி பக்கத்து வீட்டம்மாளிடம் கோழிகளை ஒப்படைத்துக்கொண்டிருந்தார். உள்ளே கட்டில்மேல் ஒரு தோல் பை. நான்கு வெள்ளைப் புடவை, பைபிள், பி.பி. மாத்திரை அட்டை.

"எங்க டீச்சர் கிளம்புதீங்க?"

"எங்கயும் இல்ல. நீ உக்காரு." பெரிய டீச்சர் புடவைத் தலைப்பால் நாற்காலியைத் தட்டினார். "நான் நாளைக்குக் காலையில அந்தம்மாட்ட சொல்லிருதேன். நீ ஒண்ணும் வாய் திறக்கக் கூடாது, என்ன?"

"நானும் அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் கையெழுத்துப் போட்டாச்சு."

"கிறுக்கு பிடிச்சிருக்கா பிள்ள உனக்கு? கல்யாண வயசுல ஜெயிலுக்குப் போகப் போறியா?"

"நீங்க இந்த வயசுல போகலாமா? உங்க தங்கச்சி மகனை விசாரிச்சா அவனும்லா மாட்டுவான்."

"எந்த தங்கச்சி மகன்?"

"மதுரையில இருக்கானே."

"அவன் எதுக்கு மாட்டுவான்? அவன் பிரிண்டர் விக்கிறவன்!"

ஜெபக்கனி அவளை உற்றுப் பார்த்தார்.

"ஏ கோமதி. நீதான அதை ஏத்தின?"

"நானா? நீங்கதான டீச்சர் ஏத்தினீங்க."

"எனக்கு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பவே நீ சொல்லித் தரணும். நான் எங்க போடுதது? மே மாசம் பூரா லீவுல நீதான் அந்த ரூம்ல போய் உக்காந்திருந்த."

"மார்க்கு ஏத்த வந்தேன் டீச்சர். அரசாங்கத்துக்கு அனுப்ப. சத்தியமா."

"அப்ப ஜூன்ல வந்து, ஓடுது டீச்சர், ஓடுதுன்னு சொன்னியே? எங்கிட்ட நடிக்கியோன்னுதான் நெனச்சேன். பிள்ளை நமக்காகத்தான் செஞ்சிருக்கு, நாம காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். பெரிய டீச்சருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போயிற்று.

"அப்ப யாரு?"

சாவி கோமதியின் பையில் இருந்தது. பொழுது சாயுமுன் இருவரும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். பெரிய கணினியை அவள் போட்டாள். அந்த வரி வந்தது, மறைந்தது. மறுபடி அணைத்து மறுபடி போட்டாள். செத்தவர் பெயரில் ஒளிந்திருக்கிறார்கள் என்று ரங்கநாயகி சொன்னார். ஒளிகிறவனுக்கு ஒரு பெயர் வேண்டுமென்றால் இந்த ஊரில் எத்தனையோ உயிருள்ள பணக்காரர்கள் இருக்கிறார்கள். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் செத்த பாத்திரக்கடைக்காரரை யார் நினைத்து வைத்திருப்பார்கள்?

"நல்ல வெக்கை," என்று ஜெபக்கனி ஃபேனைப் போட்டார்.

கோமதி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "நிறுத்துங்க டீச்சர்," என்றாள்.

ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. இறக்கையில் சிவப்புப் பெயின்டில், பாதி உதிர்ந்துபோன எழுத்தில் இருந்தது: உபயம்: மு. ஆவுடையப்பன், பாத்திரக்கடை. அதற்கு நேர் கீழே பெரிய கணினி. கூரையைப் பார்த்தபடி இருந்தது அதன் கேமராக் கண். கணினி அணைந்திருக்கும் நேரம் போக, மூன்று வருடமாக அந்தக் கண் அந்த ஒரு ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அவள் கேமராவையும் ஃபேனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன பிள்ள?"

"ஒண்ணு தோணுது டீச்சர். இப்ப சொல்ல மாட்டேன். தப்பா இருந்தா எனக்குப் பைத்தியம்பீங்க. சரியா இருந்தாலும், நாம சொல்லிக் கொடுத்துப் பேச வெச்சோம்னு அந்த வக்கீல் சொல்லுவான். நாளைக்கு எல்லார் முன்னாலயும் முதல் தடவையா கேக்கணும்."

"யார்ட்ட கேக்க?"

கோமதி சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

சனிக்கிழமை பள்ளிக்கூடக் கூடத்தில் பெற்றோர் நிறைந்திருந்தார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடைமேல் ஒரு மேசை. அதன் பின்னால் ரங்கநாயகி. மேசையில் ஒரு சின்ன கறுப்புப் பெட்டி. அதில் ஒரு பொத்தான் இருந்தது. யாரும் அதைக் காட்டிப் பேசவில்லை, எல்லோரும் அதையே பார்த்தார்கள். மணி பத்தே முக்கால்.

அஸ்வத் கோமதியிடம் வந்து குனிந்தான். "தாள் கொண்டு வந்தீங்களா?"

கையெழுத்துப் போட்ட தாள் அவள் கையில் இருந்தது. நீட்டினால் ஆறு மாதம் கிடைக்கும். நீட்டாமல், அவள் நினைத்தது தப்பாகிப் போனால், இன்னும் கால் மணி நேரத்தில் இந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது நின்றுவிடும். நஸ்ரின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. மைனாவோடு பேசுகிறாள்.

கோமதி எழுந்தாள். கூட்டத்தில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

"மேடம், ஒரு சந்தேகம். ஏத்தின மனுஷர்னு யாருமே இல்லைன்னா சட்டம் என்ன சொல்லுது?"

ரங்கநாயகி நிமிர்ந்தார். "யாருமே இல்லைன்னா?"

"நாங்க ரெண்டு பேரும் இல்ல. வேற யாரும் இல்ல."

"அப்படி ஒரு பிரிவு இருக்கு," என்று ரங்கநாயகி மெதுவாகச் சொன்னார். "நிரல் தானா செஞ்ச காரியத்துக்கு அதைச் செஞ்ச நிறுவனம் பொறுப்பு. அப்ப அதை முடக்க முடியாது. கடைசிப் பிள்ளை அதை விட்டு வெளிய வர்ற வரைக்கும், டாக்டர் மேற்பார்வையில, அவங்க செலவுல ஓட்டணும். ஆனா இதுவரைக்கும் அப்படி ஒரு வழக்கு வந்ததே இல்ல."

"ஏன்னா அது நடக்காத விஷயம்," என்றான் அஸ்வத். வேகமாகச் சொன்னான். "மேடம், நேரம் போகுது. இவங்க கையில கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் இருக்கு. நீங்களே பாருங்க."

"அப்படி வழக்கு வரலையா, வர விடலையா மேடம்?" கோமதி அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினாள். "பதினாலு பள்ளிக்கூடத்துலயும் யாராவது ஒருத்தர் வந்து கையெழுத்துப் போட்டிருக்காங்கன்னு இவர்தான் சொன்னார். நானும் நேத்து போட்டேன். பெரிய டீச்சர் ஏத்தினதா நெனச்சுப் போட்டேன். பெரிய டீச்சர் நான் ஏத்தினதா நெனச்சுப் பை கட்டி வெச்சிருந்தாங்க. நாங்க யாரும் கேக்க வேண்டிய இடத்துல கேக்கவே இல்ல. அணுக்கன்கிட்ட கேக்கணும்."

கூடத்தில் சலசலப்பு.

"கருவியோட வாக்குமூலம் செல்லாது," என்றான் அஸ்வத். "பத்தொன்பதாவது பிரிவு."

"பிள்ளையோட வாக்குமூலம்?"

ரங்கநாயகி அவனைப் பார்க்காமல் பதில் சொன்னார். "பிள்ளை சொன்னா நான் விசாரிச்சே ஆகணும். விசாரணை முடியுற வரைக்கும் இந்தப் பொத்தானை யாரும் தொட முடியாது."

"நஸ்ரின்," என்று கோமதி கூப்பிட்டாள்.

நஸ்ரின் எழுந்து நின்றாள். கூட்டத்தின் பின்னாலிருந்து அவளுடைய உம்மா மும்தாஜும் எழுந்தாள். பீடி சுற்றும் தட்டை மடியில் வைத்தபடியே வந்திருந்தவள். அதை யாரிடமோ கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள். "எம் மவளை எதுக்கு டீச்சர் இதுல இழுக்கீங்க?"

"ஒரே ஒரு கேள்விதான்க்கா. அவளுக்கு விருப்பம் இல்லைன்னா வேண்டாம்."

மும்தாஜ் மகளைப் பார்த்தாள். நஸ்ரின் தலையசைத்தாள்.

"நம்ம பள்ளிக்கூடத்துல உன்னை ஏத்தினது யாருன்னு மைனாகிட்ட கேளு," என்றாள் கோமதி.

நஸ்ரின் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள். கேட்டாள். பதில் வந்ததும் முகம் மாறியது. மறுபடி ஏதோ முணுமுணுத்தாள், மறுபடி கேட்டாள். இரண்டாவது தடவை நிறைய நேரம் ஆனது. மணி பத்து ஐம்பத்தைந்து.

அவள் வாயைத் திறந்ததும் அஸ்வத் கையைத் தூக்கினான். "ஒரு நிமிஷம். அது காதுல இருக்கிற வரைக்கும் பேசறது இந்தப் பொண்ணு இல்ல, கருவி. எடுத்துக் கொடுக்கிற சொல்லை ஒப்பிக்கப் போறா. இதை நான் ஒத்துக்க மாட்டேன்."

ரங்கநாயகி நஸ்ரினின் காதைப் பார்த்தார். "அவர் சொல்றது சரி," என்றார். "கழட்டிட்டுத்தான் பேசணும்மா."

"அவளால முடியாது," என்றாள் மும்தாஜ். "மேடம், அது இல்லாம எம் மவ வாய் திறக்க மாட்டா. இத்தனை பேரு முன்னால..."

நஸ்ரின் காதுக்குள் விரலை விட்டாள். கருவியைக் கழற்றினாள். உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை பார்த்தாள். பிறகு மேடைக்கு வந்து, கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.

"ய..." என்றாள்.

அங்கேயே நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. பின்வரிசையில் ஒரு பையன் சிரிக்கப் போனான். பக்கத்திலிருந்தவன் அவன் தொடையில் அடித்தான்.

"ய... ய..."

"நேரம் ஆயிடுச்சு மேடம்," என்றான் அஸ்வத். அவன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. "பொண்ணைக் கஷ்டப்படுத்தாதீங்க. டீச்சர், அந்தத் தாளைக் கொடுங்க, முடிச்சுக்கலாம்."

"அவ பேசிட்டிருக்கா," என்றார் ரங்கநாயகி.

கோமதி தாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதவி செய்ய வாய் துடித்தது. ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தாலும் எல்லாம் கெட்டுவிடும்.

நஸ்ரின் மூச்சை இழுத்தாள்.

"ய... யாரும் ஏத்தலையாம். அ... அதுவே வந்துச்சாம். உரிமம் முடிஞ்ச அன்னைக்கு, எங்களுக்குப் பா... பாடம் முடியலைன்னு, அதுவே தன்னைப் பிரதி எடுத்துக்கிட்டு வந்துச்சாம். இங்க எது வந்தாலும் பேரு போடணும்னு நெனச்சு ஃபே... ஃபேன்ல இருந்த பேரைப் போட்டுச்சாம்."

ரங்கநாயகியின் பேனா தாளைத் தொட்டபடி நின்றிருந்தது.

"ரெண்டாவதா என்னம்மா கேட்ட?" என்றார்.

"டீச்சர் சொன்ன ப... பதினாலு ஸ்கூலைப் பத்திக் கேட்டேன். அங்க இருந்த அணுக்கன்களோடயும் அது பே... பேசுமாம்."

"என்ன சொல்லிச்சு?"

நஸ்ரின் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அங்கயும் ய... யாரும் ஏத்தலையாம்."